தலைவிதியும் சட்ட விதியும்

அத்திப்பள்ளி வெடிக்கடைத் தீயைப்பற்றி நமது தருமபுரி ஜில்லாவில் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 7-ந் தேதி சனிக்கிழமை பிற்பகல், ஓசூரைத் தாண்டியதும் கர்நாடக எல்லைக்குள்ளிருக்கும் அத்திப்பள்ளியில், கடையும் கிடங்குமாக இருந்த ஒரு பட்டாசுக் கட்டடத்தில், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக் கொண்டிருந்த சமயத்தில் தீப்பிடித்தது. இரண்டொரு நாளைக்குள் பதினான்கு பேர் என்று கணக்குச் சொன்னார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிலும் சிலர் செத்தார்கள். செத்தவர்களில் பலர் அரூரை அடுத்த அம்மாபேட்டைப் பிள்ளைகள். அவர்களில் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். தீபாவளி வருவதற்குள் சில வாரம் மூட்டை தூக்கினால் படிப்புச் செலவுக்கு ஆகும், வீட்டுக்கும் ஏதோ கொடுக்கலாம் என்று போனவர்கள். பணம் வருவதற்குப் பதில் ஒரே ஊருக்கு வரிசையாகப் பிணங்கள் வந்தன.

இதைப்பற்றிப் பேச்சு வந்த சந்தையிலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் நாம் கேட்ட வார்த்தை ஒன்றேதான். "என்ன செய்வது, அவர்கள் தலைவிதி" என்பதேயாகும். பெற்றவள் அப்படிச் சொல்லி மார்பில் அடித்துக் கொண்டால் அவளோடு நாம் வாதத்திற்குப் போக மாட்டோம். அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ஆனால் சரக்கை அளவுக்கு மீறி அடுக்குகிறவனும், அடுக்க விடுகிறவனும், லைசென்சில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பாராதவனும் அதே வார்த்தையைச் சொல்ல வந்தால், அவனை ஒரு கேள்வி கேட்காமல் விடுவதற்கில்லை. "விதி விதி என்கிறாயே, எந்த விதியைச் சொல்லுகிறாய் அய்யா? பிரம்மா மண்டையில் எழுதினதாகச் சொல்லப்படும் விதியையா, அல்லது சர்க்கார் காகிதத்தில் எழுதின 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளையா?" என்று கேட்கின்றோம்.

முதல் விதியை இதுவரை எவரும் படித்தது கிடையாது. இரண்டாவது விதியோ அச்சில் இருக்கின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எவரும் படித்துக் கொள்ளலாம். அதில் பட்டாசுக் கடை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கடை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தீ தாங்கும் சுவரால் மற்ற இடத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். போக ஒரு வழி இருப்பதோடு, ஆபத்துக் காலத்தில் வெளியேற வேறொரு வழியும் இருக்க வேண்டும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். மேல் மாடியில் ஜனங்கள் குடியிருக்கக் கூடாது. மின்சாரத்தின் பிரதான சுவிட்சு வெளியே, உடனே எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இதில் ஒரு வரியாவது புரியாத வேதாந்தமா? கதவு ஏன் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்? தீயென்று பத்துப் பேர் ஓடிவந்து கதவின் மேல் விழும்போது, உள்பக்கமாகத் திறக்கிற கதவு அவர்களுடைய பாரத்தினாலேயே மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி. அத்திப்பள்ளியில் பாதுகாப்பு விதிகள் கைக்கொள்ளப்படவில்லை என்பதைக் கர்நாடக முதல் மந்திரியே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது எந்த விதி? எழுதிய விதியா, எழுதியும் நடத்தாத விதியா?

இது எங்கோ எல்லைக்கு அப்பால் நடந்தது என்று நாம் சும்மா இருந்துவிடவும் முடியாது. அதே 2023-இல் மார்ச்சு 16-ந் தேதி பென்னாகரம் பக்கத்து நாகதாசம்பட்டியில் வெடி செய்யும் இடத்தில் வெடித்து இரண்டு பெண்கள் மாண்டார்கள். ஜூலை 29-ந் தேதி, 2004 வரையில் நமது ஜில்லாவோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில், பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் போனார்கள். 2025 பிப்ரவரி 24-ந் தேதி கம்பைநல்லூர் பக்கத்தில் மூன்று பெண்கள் செத்தார்கள். பென்னாகரத்திலும் கம்பைநல்லூரிலும் செத்தவர்கள் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். ஆணுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை, எதிர்த்துப் பேசமாட்டார்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தானாக வந்து நிற்பார்கள் என்கின்ற காரணத்தால் மருந்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்படுகிறவர்கள் அவர்களே.

மருந்து என்பது யாருடைய ஜாதகத்தையும் பார்த்து வெடிப்பதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத்தூள் முதலியவைகளைக் கலந்து வைத்தால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அந்த உப்பிற்குள்ளேயே அடங்கிவிடுகிறபடியால், அது வெளிக்காற்றை எதிர்பார்ப்பதில்லை. ஒரு உரசல் போதும். கை தவறி ஒரு சாமான் கீழே விழுந்தால் போதும். நைலான் புடவை கட்டிக்கொண்டு வறண்ட மாசி பங்குனி மாதத்தில் எழுந்து உட்கார்ந்தால், அந்தத் துணியில் பிறக்கிற கண்ணுக்குத் தெரியாத மின்சாரப் பொறி போதும். அதனால்தான் பருத்தித் துணி உடுத்த வேண்டுமென்பதும், உள்ளே போகுமுன் தரையோடு இணைக்கப்பட்ட செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டுமென்பதும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மீதியை இரவு வைத்திருக்கக் கூடாது என்பதும் அப்படியே. ஈரம் பட்டால் அலுமினியத்தூள் கலந்த மருந்து தானாகவே சூடேறக்கூடியது. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றால், அய்ந்தாவது ஆள் வந்தால் சகுனம் கெட்டுவிடும் என்பதற்காகவா? ஒரு அறை போனாலும் நான்கு பேரோடு நிற்கட்டும், நாற்பது பேருக்கு வர வேண்டாம் என்பதற்காகத்தான்.

அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியைப் பார்க்கலாம். 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி அங்கே ஒரு வெடி ஆலையில் முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். விதிகளை மீறினதற்காக லைசென்சை நிறுத்தி வைத்த பிறகும் அங்கே வேலை நடந்ததாக அன்றைய பத்திரிகைகளில் வந்தது. சிவகாசியிலாவது ஆலைகள் என்று பெயர் சொல்லத்தக்கவை இருக்கின்றன. நமது பக்கத்தில் கோவில் திருவிழாவுக்கும், கலியாணத்துக்கும், பிண ஊர்வலத்துக்கும் நாட்டு வெடி செய்து கொடுக்கிற கொட்டகைகளில் சிலவற்றுக்கு, உள்ளே எத்தனை ராத்தல் மருந்து இருக்கிறதென்று எசமானனுக்கே கணக்குத் தெரியுமா என்பது சந்தேகந்தான். சாமி ஊர்வலத்தில் அரை நாழிகை வேடிக்கைக்காக யாரோ ஒரு ஏழைப் பெண் வருஷம் முழுவதும் மரணத்தின் பக்கத்தில் உட்கார வேண்டியதிருக்கிறது. அந்தச் சாமியாவது அவளைக் காப்பாற்றிற்றா என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நிற்க. வெடி ஒன்றைத்தான் சொல்லுகிறோம் என்று மற்றத் தொழில்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. சில வருஷங்களுக்கு முன் ஆயுத பூசையன்று நமது ஜில்லாவில் ஒரு மில்லுக்குப் போக நேர்ந்தது. இன்ன மில் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. அன்று மில்லையெல்லாம் கழுவி, மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசற்படியில் பூசணிக்காய் உடைத்து வெகு விமரிசையாகப் பூசை நடந்தது. பொரிகடலைத் தட்டை நம்மிடம் நீட்டியவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டோம். "பெல்ட்டு இழுத்துடுச்சுங்க" என்றான். எந்தப் பெல்ட்டு என்று கேட்டோம். காட்டினான். அதே பெல்ட்டு, அன்றைக்கும் மூடி இல்லாமல், ஆனால் மாலை போட்டுக்கொண்டு நின்றது! விரலைத் தின்ற மிஷினுக்கு விரலில்லாதவன் கையாலேயே குங்குமம் வைக்கச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெல்ட்டுக்கு ஒரு இரும்பு வலை மூடி போடப் பிடிக்கும் செலவு அந்த ஒருநாள் பூசைச் செலவுக்கு மேல் ஆகாது என்று முதலாளியிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அவனவன் ஜாக்கிரதையா இருக்கணும்ங்க" என்றார்.

"அவனவன் ஜாக்கிரதை" என்கின்ற இந்தத் தத்துவமும் தலைவிதித் தத்துவத்தின் தம்பியேயாகும். ஜாக்கிரதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே வேலையைச் செய்கிறவனுக்கு எப்பொழுதாவது ஒரு நிமிஷம் கண் அசராமல் இருக்குமா? மனுஷனென்றால் அசரத்தான் செய்யும். அந்த ஒரு நிமிஷ அசதிக்கு விரலோ உயிரோ விலையாகாதபடி ஏற்பாடு செய்வதற்குத்தான் பாதுகாப்பு என்று பெயர். இதைப் படித்தறிந்தவர்கள் ஒரு வரிசை சொல்லுகிறார்கள். முதலில் ஆபத்தையே எடுத்துவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறு சாமானோ வேறு முறையோ உண்டா என்று பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மூடி, வலை, சுவர், காற்றுப்போக்கி முதலியவைகளால் ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையில் தடுப்புப் போட வேண்டும். அதன் பிறகு வேலை நேரம், பயிற்சி இவைகளைத் திருத்த வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மிச்சமிருப்பதற்காகத்தான் கடைசியில் தலைக்கவசமும் கையுறையும் மூக்குத் துணியும். நம் ஊரிலோ கடைசியில் உள்ளதை முதலில் கொடுத்துவிட்டு, அதையும் கூலியில் பிடித்துக் கொண்டு, "எல்லாம் செய்து விட்டோம்" என்கிறார்கள். கருங்கல் துளையிடுகிற இடத்தைப் பாருங்கள். துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி கிளம்பாது. தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் வருகிற வியாதிக்கு, இந்தத் தேதி வரையில் உலகத்தில் எந்த டாக்டரிடத்திலும் குணப்படுத்தும் மருந்தில்லை. மந்திரவாதியிடத்திலும் இல்லை. வராமல் தடுப்பதுதான் வழி. தண்ணீர்க் குழாய்க்குப் பதிலாக முகத்தில் துண்டைக் கட்டிக்கொள் என்று சொல்லுகிறவன் அந்த நோயைத் தெரிந்து சொல்லுகிறானா, தெரியாமல் சொல்லுகிறானா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

செத்த பிறகு நடக்கிற விஷயம் இதைவிட மோசமானதாகும். அத்திப்பள்ளியில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 3 லக்ஷம் ரூபாயும், கர்நாடக சர்க்கார் 5 லக்ஷம் ரூபாயும் கொடுப்பதாகச் சொன்னார்கள். கொடுக்கட்டும். ஆனால் அது சர்க்காரின் உதவி. முதலாளி சட்டப்படி கொடுக்க வேண்டிய நஷ்டஈடு என்பது வேறு. 1923-ஆம் வருஷத்திலேயே அதற்குச் சட்டம் வந்திருக்கின்றது. அந்தச் சட்டப்படி, வேலையில் செத்தவனுடைய மாதக் கூலியில் பாதியை, அவன் வயதுக்குரிய ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறையக் குறைய எண் கூடும். பதினெட்டு வயதானவனுக்கு அந்த எண் 226.38. மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கிய பதினெட்டு வயதுப் பையன் செத்தால், 6,000-ஐ 226.38-ஆல் பெருக்க, 13,58,280 ரூபாய் வருகின்றது. மாதக் கூலி எவ்வளவானாலும் 15,000 ரூபாய் வரையில்தான் கணக்கில் சேரும் என்று 2020 முதல் வைத்திருந்தார்கள். அதன்படி பார்த்தாலும் 16,97,850 ரூபாய் வரும். இது பிச்சையல்ல, கருணையல்ல, கடனாகும். ஒரு மாதத்திற்குள் கட்டாவிட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியும், காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரையில் அபராதமும் உண்டு.

பாமர மக்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. காரியம் நடந்த ராத்திரியே மேஸ்திரியோ முதலாளியின் ஆளோ ஒரு லக்ஷமோ இரண்டு லக்ஷமோ கொண்டுவந்து, அழுதுகொண்டிருக்கிற குடும்பத்தாரிடம் "இனி எங்கள் மேல் ஒரு பாத்தியமும் இல்லை" என்று ஒரு பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது நமது பக்கத்து வழக்கமாயிருக்கின்றது. அந்தப் பத்திரம் சட்டப்படி செல்லாது. சாவுக்குரிய நஷ்டஈட்டை அதற்கென்றுள்ள தொழிலாளர் கமிஷனரிடம் கட்ட வேண்டுமே தவிர, குடும்பத்தார் கையில் நேரே கொடுத்ததை நஷ்டஈடாகச் சட்டம் எண்ணுவதில்லை. ஆகவே கைநாட்டு வைத்துவிட்டோமே என்று வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, "அவன் என் ஆளல்ல, மேஸ்திரியின் ஆள்" என்று முதலாளி தப்பிக்க முடியாது. தன் தொழிலுக்காகக் கண்டிராக்டரிடம் விட்டிருந்தாலும் முதலாளியே முதலில் பொறுப்பாளி. அவர் பிறகு கண்டிராக்டரிடம் வாங்கிக் கொள்ளட்டும். மூன்றாவது, "அவனே குடித்திருந்தான், அவனே சொன்னபடி கேட்கவில்லை" என்று சொல்வது சில்லறைக் காயங்களுக்கு வாதமாகலாம். சாவுக்கு அது வாதமே ஆகாது என்று அந்தச் சட்டம் தீர்மானமாகச் சொல்லிற்று. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒப்புக்கொள்ளாத அந்தச் சாக்கை, நம் ஜனங்கள் மாத்திரம் "அவன் விதி" என்று தாங்களாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள்!

இந்தச் சட்டங்களெல்லாம் இப்போது புதுச் சட்டைக்குள் புகுத்தப்பட்டிருக்கின்றன. 1948-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டம், மேலே சொன்ன நஷ்டஈட்டுச் சட்டம் முதலியவைகளையெல்லாம் நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். நஷ்டஈட்டுக் கணக்கு முறை மாறவில்லை. ஆனால் பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமில்லாமல் 20 பேர் வேலை செய்தாலே பாக்டரி என்று இருந்தது. புதியதில் அது 20 என்றும் 40 என்றும் ஆகிவிட்டது. பதினைந்து பேர் வேலை செய்கிற பட்டறை நேற்று வரை பாக்டரி, இன்றைக்கு இல்லை! ஆள் குறைந்தால் பெல்ட்டு விரலை இழுக்காதா என்று கேட்கின்றோம். இன்ஸ்பெக்டர் என்கின்ற உத்தியோகத்திற்கும் "வசதி செய்து கொடுப்பவர்" என்று ஒரு பட்டம் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு வசதி என்பது போகப் போகத் தெரியும். ஒன்று மாத்திரம் நல்லதாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொழிலானால், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் அந்த இடத்தைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவர சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. நாகதாசம்பட்டியையும் கம்பைநல்லூரையும் பார்த்த பிறகும் நமது ஜில்லாவின் வெடிக் கொட்டகைகளுக்கு அந்த அதிகாரத்தைச் செலுத்தாவிட்டால், அதை வேறு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

வெளிநாட்டான் இதிலெல்லாம் பிறக்கும்போதே புத்திசாலியாகப் பிறந்தானென்று நினைக்க வேண்டாம். 1911-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். வெளியே போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. சரக்கைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்! அங்கேயும் கடவுள் சித்தம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளிகள் அதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்காகத் தெருவுக்கு வந்து ஏன் பூட்டினாய் என்று கேட்டார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது, அந்த ராஜ்யத்தின் தொழிற்சாலைச் சட்டங்களே திருத்தி எழுதப்பட்டன. நம் நாட்டிலும் 1984-இல் போபாலில் விஷவாயு வந்து ஆயிரக்கணக்கான பேர் செத்த பிறகுதான், 1987-இல் பாக்டரிச் சட்டத்தைத் திருத்தி, தான் கையாளுகிற சாமானில் என்ன ஆபத்து இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேலை செய்கிறவனுக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கேட்கிறவனைக் காணோம்.

தோழர்களே! தீபாவளிக்கு முன் மேஸ்திரி மறுபடியும் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் வருவான். முன்பணம் கொடுப்பான். பையன்களும் போவார்கள், போக வேண்டாமென்று சொல்ல நம்மிடம் அவர்களுக்குக் கொடுக்க வேறு வேலையில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவனானால் வெடிபொருள் வேலைக்கு அனுப்புவதே குற்றம் என்பதை மேஸ்திரியிடம் சொல்லுங்கள். நிரம்பியவனானால் முன்பணத்தை வாங்குமுன் கேளுங்கள்: கடை யார் பேரில்? லைசென்சில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது? இரண்டாவது கதவு எந்தப் பக்கம், அதன் முன்னால் பெட்டி அடுக்கியிருக்கிறதா? ராத்திரி பையன்கள் எங்கே படுப்பார்கள், சரக்கின் மேலேயா? முதலாளியின் பெயர், ஊர், கூலி இவைகளை ஒரு காகிதத்தில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். அவன் எழுதிக் கொடுக்க மறுத்தால், அந்தப் பையனின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியனிடம் போக வேண்டாம். அந்த மேஸ்திரியின் பெயரை எழுதிக்கொண்டு அரூர் தாசில்தாரிடம் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நமது தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.